கோயில் மணி, கீபோர்டு, கேரம் போர்டு: அண்ணாச்சி பதில்கள்

சபை வேலை, வெப்சைட் வேலை, போர்டு கேம் என்று மூன்றிலும் கால் வைத்திருக்கிற வாசகர்களின் கேள்விகள் இந்த இதழை நிறைத்திருக்கின்றன. மூன்றையும் நேசிக்கிறவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

வாலிபர் சங்கச் செயலாளர், மார்த்தாண்டம்

கே: ஞாயிறு முழுக்கக் கோயில், வார இரவுகளில் சபை வெப்சைட், சனிக்கிழமை நண்பர்களோடு போர்டு கேம். மூன்றுக்கும் சமமாக நேரம் ஒதுக்க முடியவில்லையே, அண்ணாச்சி?

ப: சமமாக ஒதுக்கவே வேண்டாம். மூன்றும் மூன்று விதமாக நேரம் கேட்பவை. கோயிலுக்கு ஆண்டுக் கணக்கு. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், லெந்து நாள்களில் வீட்டுக் கூட்டங்கள், மே மாதம் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, அப்புறம் அசனம், அறுப்பின் பண்டிகை. அந்தந்த மாதத்தில் அது உங்களை முழுசாக எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். வெப்சைட்டுக்கு வாரக் கணக்கு. அரை மணி நேரம் போதும், ஆனால் வாரம் தவறக் கூடாது. போர்டு கேமுக்குத் தலைக் கணக்கு. நாலு பேரும் சேர்ந்து கிடைக்கிற இரவு எது என்பதுதான் அங்கே கேள்வி.

அதனால் டிசம்பரில் விளையாட்டு இல்லையே என்று வருந்தாதீர்கள். ஜூலையில் கோயில் வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்தால் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். வெப்சைட்டைப் புதுசாக மாற்றியமைக்கிற பெரிய வேலையை அந்த மாதத்துக்கு வையுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் டிசைன் மாற்றுகிற ஆசை மட்டும் யாருக்கும் வரக் கூடாது.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

கே: பக்தி, கம்ப்யூட்டர், விளையாட்டு மூன்றையும் ஒன்றாக வைத்து வாழ்ந்தவர் யாராவது உண்டா?

ப: இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் பெரியவர், ஒருவர் பிள்ளை.

பெரியவர் டொனால்ட் நூத். கணினி அறிவியலில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. கணிதப் புத்தகங்களை அழகாக அச்சுக்கோக்க டெக் என்ற மென்பொருளை எழுதிக் கொடுத்தவர். லுத்தரன் சபைக்காரர், ஆர்கன் வாசிப்பவர். வேதாகமப் புத்தகங்களிலிருந்து 3-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனத்தை எடுத்து ஆராய்ந்து, உலகத்தின் சிறந்த எழுத்தோவியர்களிடம் அவற்றை எழுதி வாங்கி ஒரு நூலாக்கினார். இதே மனிதர்தான் 1977-இல் மாஸ்டர்மைண்ட் விளையாட்டை ஆராய்ந்தார். ஆறு நிறம், நாலு குழி, மொத்தம் 1,296 ரகசியக் குறிகள். எந்தக் குறியானாலும் ஐந்து யூகத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று நிரூபித்தார். இத்தனைக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? 1990-இல் மின்னஞ்சலையே விட்டுவிட்டார். எதை விடுவது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

பிள்ளை, கார்லோ அகுதிஸ். 1991-இல் பிறந்து மிலான் நகரில் வளர்ந்த கத்தோலிக்கப் பையன். பங்கில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தான். தானாகவே புரோகிராமிங் படித்து, நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஒரு வெப்சைட் செய்தான். வீடியோ கேமிலும் ஆசை உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே வரம்பு போட்டுக்கொண்டான். 2006-இல் ரத்தப் புற்றுநோயில் 15 வயதில் இறந்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவனைப் புனிதராக அறிவித்தார்.

இருவரும் ஆசையைக் கொன்றவர்கள் இல்லை. ஆசைக்கு அளவு வைத்தவர்கள்.

பேரன், நாசரேத்

கே: எங்கள் பாட்டி தாயக்கட்டையைக் கண்டாலே, "சூதாட்டச் சாமானை வீட்டுக்குள்ள கொண்டாராதே" என்கிறார்கள். என்ன செய்வது?

ப: பாட்டியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பகடையில் வீடு, நிலம் தோற்ற குடும்பங்களைப் பார்த்த தலைமுறை அது. அமெரிக்காவிலும் இந்தப் பயம் இருந்தது. 1843-இல் அங்குள்ள சேலம் நகரில் வெளியான ‘மாளிகை’ விளையாட்டு ஒன்று, நற்குணக் கட்டத்தில் முன்னேறி, தீக்குணக் கட்டத்தில் பின்வாங்கி, ஆனந்த மாளிகையைச் சேர்வது. பகடை என்றால் சூது என்று பக்தியுள்ள வீடுகள் ஒதுங்கியதால், எண் எழுதிய பம்பரத்தைச் சுற்றி ஆடினார்கள்.

வேதத்தில் வருகிற இரண்டு சீட்டைப் பாருங்கள். சிலுவையடியில் போர்ச்சேவகர் இயேசுவின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீடர்களும் சீட்டுப் போட்டார்கள். கருவி ஒன்றுதான். அடுத்தவன் பொருளுக்குக் கை நீள்கிறதா என்பதே வித்தியாசம். ஆகவே காசு வைக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. பாட்டியின் பயம் போகிற வரை அவர்களோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, பகடையே கிடையாது. பாட்டி ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் உங்கள் புலிகள் நகர முடியாமல் முழிக்கும், பாருங்கள்.

சேகரக் கமிட்டி உறுப்பினர், தூத்துக்குடி

கே: எங்கள் சபை வெப்சைட்டைச் செய்து கொடுத்த தம்பி வெளிநாடு போய்விட்டார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பழைய ஐயரவாள் படம்தான் இன்னும் முகப்பில் இருக்கிறது.

ப: முதலில் அந்தத் தம்பிக்கு போன் போட்டு நன்றி சொல்லுங்கள். பல சபைகள் இதை மறந்துவிட்டுச் சண்டையில் ஆரம்பிக்கின்றன. அப்புறம் மூன்று விஷயம் கேளுங்கள். டொமைன் யார் பெயரில், எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது? ஹோஸ்டிங் எந்த நிறுவனத்தில், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும்? உள்ளே நுழையும் அட்மின் கணக்கு எது?

மூன்றும் கைக்கு வந்ததும் டொமைனைத் தனிமனிதர் ஈமெயிலிலிருந்து சேகர அலுவலக ஈமெயிலுக்கு மாற்றுங்கள். ஓ.டி.பி. வருகிற போன் நம்பரையும் மாற்றுங்கள். இதை மறந்தால் பாஸ்வேர்டு இருந்தும் வாசலில்தான் நிற்க வேண்டும். அட்மின் கணக்கு இரண்டு பேருக்கு, தனித்தனிப் பெயரில் இருக்கட்டும். எல்லா விவரத்தையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிற அதே பீரோவில் வையுங்கள். ஐயரவாள் மாற்றலாகிப் போகும்போது பதிவேட்டை ஒப்படைப்பது போல இதையும் ஒப்படைக்க வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போடுங்கள்.

குடும்பத் தலைவி, நாகர்கோவில்

கே: என் வீட்டுக்காரர் கமிட்டியிலும் இருக்கிறார், பாடகர் குழுவிலும் இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் சபை வெப்சைட். "கர்த்தருடைய ஊழியம்தானே" என்கிறார். எதிர்த்துப் பேசினால் எனக்கே பாவம் போலத் தோன்றுகிறது.

ப: பாவமே இல்லை, தங்கச்சி. இந்தப் பதிலை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கு எல்லாவற்றையும் கேட்கிறார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, இப்படியே போனால் நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள், ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைக் கொடும் என்று புத்தி சொல்கிறார். இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. எத்திரோ தனியாக வரவில்லை. மோசேயின் மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்த மறுநாள்தான் வேலையைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்கிறார்.

உங்கள் கணவர் பாடகர் குழுவில் இருக்கட்டும், அது அவருக்கு மூச்சு. கமிட்டியும் இந்த முறை பதவிக்காலம் முடிகிற வரை இருக்கட்டும். வெப்சைட்டை வாலிபர் சங்கத்தில் ஒருவரிடம் பழக்கிக் கொடுத்துவிடலாம். வாரத்தில் ஒரு சாயங்காலம் போனை அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பல்லாங்குழியோ லூடோவோ ஆடட்டும். அதுவும் ஊழியம்தான்.

வாசகர், திண்டுக்கல்

கே: பிரசங்க நேரத்தில் போனிலேயே வெப்சைட்டை அப்டேட் செய்யலாமா? மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

ப: கூடாது. தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கு நீங்கள் அப்டேட் செய்வது தெரியாது, போன் பார்ப்பதுதான் தெரியும்.

சபை உபதேசியார், சாத்தான்குளம்

கே: புதிதாக வெப்சைட் தொடங்கப் போகிறோம். முகப்பில் என்ன போடலாம்? கமிட்டியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ப: சனிக்கிழமை ராத்திரி உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் இறங்குகிறார். நேற்றுதான் இந்த ஊருக்கு மாற்றல். நாளைக் காலை கோயிலுக்குப் போக வேண்டும். அவர் போனில் தேடும்போது ஸ்க்ரோல் செய்யாமலே இவை தெரிய வேண்டும்: ஆராதனை நேரம், எந்த ஞாயிறு திருவிருந்து, வருவதற்கு வழி, பேசுவதற்கு ஒரு நம்பர். அதற்குக் கீழே ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, கல்லறைத் தோட்டம் பற்றி யாரைக் கேட்பது என்ற விவரம். வெளியூரில் இருக்கும் உங்கள் சபைப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய உதவி.

கோபுரத்தின் படம் வேண்டும்தான், ஒன்று போதும். கேமராவில் எடுத்தபடியே ஐந்து எம்.பி. படத்தை ஏற்றாதீர்கள். சுருக்கி ஏற்றினால் சிக்னல் குறைந்த கிராமத்திலும் பக்கம் உடனே திறக்கும்.

பாடகர் குழுத் தலைவர், தஞ்சாவூர்

கே: பழைய பிரதிஷ்டை மலர்களில் உள்ள சபை வரலாற்றை வெப்சைட்டில் ஏற்றினோம். தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது.

ப: அந்த மலரை டி.டி.பி. சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு பெரியவரை உட்கார வைத்து வரி வரியாகப் பிழை பாருங்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் அதிகம் உடைந்திருக்கும், அவை அவருக்குத்தான் தெரியும்.

இந்தப் பாடு நமக்குப் புதுசு இல்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன. அப்படியே அச்சிட்டால் கையில் இருந்த காகிதம் போதாது. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் வேலை முடிந்தது. படிக்கிறவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை இருந்தால் எழுத்துருச் சிக்கல் தீரும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர்

கே: வி.பி.எஸ். படங்களை, பிள்ளைகள் பெயரோடு வெப்சைட்டில் போடலாமா?

ப: பெயர் வேண்டாம். படத்துக்கும் பெற்றோர் சம்மதம் கட்டாயம் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதுதான் முறை. வி.பி.எஸ். சேர்க்கைத் தாளிலேயே ஒரு வரி அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் செய்த கைவேலைகளைப் படமெடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

போதகர், பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

கே: எனக்குச் செஸ் என்றால் உயிர். சபையார் தவறாக நினைப்பார்களோ என்று அறைக்குள் தனியாகக் கம்ப்யூட்டரோடு ஆடுகிறேன்.

ப: ஐயரவாள், வெளியே வாருங்கள். செஸ்ஸில் ரூய் லோப்பஸ் என்று ஒரு தொடக்க ஆட்டம் இருக்கிறதே, அந்தப் பெயர் ஒரு ஸ்பானியப் பாதிரியாருடையது. 1561-இல் செஸ் பற்றிப் புத்தகமே எழுதினார். இன்றும் உலகம் அவர் பெயரைச் சொல்லிக் காய் நகர்த்துகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாரிஷ் ஹாலில் ஒரு மேசை போடுங்கள். ஐயரவாள் ஐந்து மணிக்குச் செஸ் ஆடுவார், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவியுங்கள். ஆலோசனைக்கு என்று கூப்பிட்டால் வராத பையன், காய் நகர்த்த வந்து உட்காருவான். மூன்றாவது வெள்ளிக்கிழமை வாய் திறப்பான். மரண வீடு, மருத்துவமனை என்று அழைப்பு வந்தால் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிடுங்கள். அதைப் பார்க்கிற சபை தவறாக நினைக்காது.

இளைஞர், வேளாங்கண்ணி

கே: இருபது பேர் உள்ள இளையோர் குழுவுக்குக் கேட்டான் வாங்கலாமா?

ப: அருமையான விளையாட்டு, ஆனால் இருபது பேருக்கு இல்லை. கேட்டானை உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர் ஜெர்மனியில் பல் செட் செய்யும் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் விளையாட்டுகளை வடிவமைத்து, மனைவி மக்களோடு ஆடிப் பார்த்துத் திருத்தியவர். 1995-இல் கேட்டான் வெளியானது, அதே ஆண்டு ஜெர்மனியின் சிறந்த விளையாட்டு விருதையும் வாங்கியது. அதன் பெரிய குணம், கடைசி வரை யாரும் வெளியேற்றப்படுவதில்லை. எல்லாரும் எல்லாரோடும் பண்டமாற்றுப் பேச வேண்டும். ஆனால் மூன்று, நாலு பேருக்கான ஆட்டம். மீதிப் பதினாறு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

உங்களுக்கு ஏற்றது கோட்நேம்ஸ். 2015-இல் வந்தது. இரண்டு அணி. மேசையில் ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்கள். தலைவர் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் சொல்வார், அணி கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் அட்டைகளை நீங்களே எழுதலாம். மேசையில் ‘வலை’, ‘படகு’, ‘சேவல்’, ‘சாவி’ இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் "பேதுரு, நாலு" என்றால் அணி துள்ளிக் குதிக்கும். வேதம் படித்த பிள்ளைக்கும் சினிமா பார்த்த பிள்ளைக்கும் ஒரே மேசையில் வேலை இருக்கும்.

கேரம் பிரியர், வியாசர்பாடி

கே: எங்கள் பங்கு மன்றத்தில் கேரம் ஆட்டத்தில் தினமும் சண்டை. ரெட்டுக்குப் பாலோ விழாவிட்டால் ரெட்டைத் திரும்ப வைக்க மறுக்கிறார்கள்.

ப: ரெட்டைப் போட்டுவிட்டு உடனே சொந்தக் காயைப் போடாவிட்டால் ரெட் நடுவட்டத்துக்குத் திரும்ப வேண்டும், பேச்சே கிடையாது. விதிகளை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். சென்னை மண்ணில் வளர்ந்து 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயத்தின் ஊரில் கேரம் ஆடுகிறீர்கள். கௌரவமாக ஆடுங்கள். போரிக் பவுடரைத் துடைத்துப் போர்டை நிமிர்த்தி வைப்பது தோற்றவர் வேலை என்று வைக்காதீர்கள். ஜெயித்தவர் துடைக்கட்டும், பாதிச் சண்டை குறையும்.

வாசகி, திருச்சி

கே: லெந்து நாள்களில் போர்டு கேமை விட்டுவிட வேண்டுமா?

ப: விட விரும்பினால் விடுங்கள், நல்லதுதான். அந்தச் சனிக்கிழமை இரவை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள். தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரலாம். கேமை விட்டுவிட்டு ரீல்ஸ் பார்த்தால் யாருக்கும் லாபமில்லை. அந்தப் பெரியவர், "ஒரு கை தாயம் போடுவோமா" என்று கேட்டால் தாராளமாக ஆடுங்கள்.

வெப் டெவலப்பர், சென்னை

கே: என் சபைக்கு இலவசமாக வெப்சைட் செய்தேன். இப்போது பக்கத்துச் சபை, பள்ளிக்கூடம், கன்வென்ஷன் கமிட்டி எல்லாரும் இலவசமாகக் கேட்கிறார்கள்.

ப: உங்கள் சபைக்குக் கொடுத்தது காணிக்கை. காணிக்கையைக் கொடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும், கேட்பவர் இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று, சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகம் வேர்ல்டு வைடு வெப் தொழில்நுட்பத்தைக் கட்டணமில்லாமல் உலகத்துக்கே திறந்துவிட்டது. அதனால்தான் நீங்களும் நானும் இந்தத் தொழிலில் இருக்கிறோம். கொடுத்தார்கள், தாங்களாகவே முடிவெடுத்துக் கொடுத்தார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வருஷத்துக்கு ஒரு சபைக்கு இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் நியாயமான கூலியைச் சொல்லுங்கள். இலவசமாகச் செய்யும் இடத்திலும் டொமைன், ஹோஸ்டிங் பணம் சபைக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். உங்கள் பையிலிருந்து போனால், நீங்கள் இல்லாத வருஷம் வெப்சைட்டும் இருக்காது.

ஆசிரியர், விருதுநகர்

கே: தோற்றால் கோபம் தலைக்கேறுகிறது. கோயிலில் பொறுமை பற்றிப் பாடம் எடுப்பவன் நான்!

ப: பாடத்துக்குப் பரீட்சை வைக்க மேசையை விட நல்ல இடம் இல்லை. கோபம் வந்தால் அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்குங்கள். கை வேலை பார்க்கும்போது வாய் அடங்கும்.

வங்கி ஊழியர், மதுரை

கே: மூன்றில் ஒன்றை விட்டால்தான் தூங்க முடியும் என்ற நிலை. எதை விடட்டும்?

ப: எதையும் விட வேண்டாம். எல்லாவற்றையும் நீங்களே செய்வதை விடுங்கள்.

ஆதிச் சபையிலும் இதே நெருக்கடி வந்தது. விதவைகளுக்குத் தினசரி பங்கிடுவதில் குறை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் ராத்திரி கண்விழித்துப் பந்தி விசாரிக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்தான் ஸ்தேவான். பொறுப்புக் கொடுத்ததால் சபைக்கு ஒரு ஸ்தேவான் கிடைத்தார். நாம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிற வேலைக்குப் பின்னால் எத்தனை பேர் வாய்ப்புக் கிடைக்காமல் நிற்கிறார்களோ.

போர்டு கேமில் இது நமக்குச் சுலபமாக வருகிறது. புதுசாக ஒருவர் வந்தால் விதியைச் சொல்லித் தருகிறோம், முதல் ஆட்டத்தில் அவர் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்கிறோம், இரண்டாவது ஆட்டத்தில் அவரே நம்மை ஜெயிக்கிறார், சந்தோஷப்படுகிறோம். சபை வேலையிலும் வெப்சைட்டிலும் அதே பொறுமையைக் காட்டுங்கள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அறிவிப்புப் பக்கத்தை எப்படி மாற்றுவது என்று ஒரு தடவை காட்டுங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மாற்றட்டும், நீங்கள் பாருங்கள். எழுத்துப் பிழை வரும், படம் சாய்ந்திருக்கும். அவசரப்பட்டு நீங்களே சரிசெய்துவிடாதீர்கள், எங்கே என்று மட்டும் காட்டுங்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தை உங்களைவிட நன்றாக வைத்திருக்கும். அன்றைக்குச் சீக்கிரம் தூங்கப் போங்கள்.